அமரர் சின்னத்தங்கம் ஞாபகார்த்த வைஃபை

புத்தூரில் பருத்தித்துறை வீதியோரம் எங்கள் வீடுகளுக்கு எதிரே ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்புவரை அதில் உட்காருபவர்கள் எதிர் மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு வருடம் எல்லோரும் தலையைக் குனிந்து கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார்கள். இப்போது மறுபடியும் மதிலைப் பார்க்கிறார்கள். அந்த ஒரு வருட நாகரிகத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர் மதிலுக்குச் சொந்தக்காரரான சோமசேகரம் அண்ணை. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது பொலிஸ்.

சோமசேகரம் அண்ணை ஓய்வுபெற்ற உப தபாலதிபர். முப்பத்தொரு வருடம் கம்பி வலைக்குப் பின்னால் இருந்து முத்திரை விற்றவர். பதிவுத் தபால் எடுக்கச் சொந்த மச்சான் வந்து நின்றாலும் அடையாள அட்டையை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் கடிதத்தை வெளியே தள்ளுவார். பக்கத்து வீட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கும் என்னையும் ஒருநாள், "டீச்சர், அட்டை கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். கொளுத்தும் வெயிலில் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. இதை எழுதுபவள் நடுநிலையானவள் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றதும் மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் தோய்த்த வேட்டியோடு படலையடியில் நின்றார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை. வீதியால் போனவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள், சிலர் அதுவும் செய்யவில்லை. அவருக்கு அது பெரிய அடி. சம்பளம் போனதைவிட வரிசை போனதுதான் அவரை வருத்தியது.

போதாக்குறைக்குப் படலையைத் திறந்தால் எதிரே அந்தப் பஸ் தரிப்பிடம். அதைக் கட்டியவர் லண்டனில் இருக்கும் சண்முகநாதன். அண்ணையோடு ஒரே வகுப்பில் படித்தவர், படிப்பில் அண்ணைக்குப் பின்னால் நின்றவர். தன் தகப்பனார் ஞாபகார்த்தமாகக் கட்டி, கறுப்புச் சலவைக்கல்லில் தகப்பனாரின் படத்தையும் பொறித்துவிட்டார். காலையில் பல் தீட்ட வந்தாலும் மாலையில் பூ மரத்துக்குத் தண்ணீர் விட வந்தாலும் சண்முகநாதனின் தகப்பனார் அண்ணையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு ஓய்வு கிடையாது. கோயில் மின்விசிறி ஒருவரின் நினைவாகச் சுற்றும், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் இன்னொருவரின் நினைவாக ஒழுகும். அண்ணையின் தாயார் சின்னத்தங்கம் எண்பத்தாறு வயதில் காலமானார். ஆண்டுத் திவசம் நெருங்கியபோது அண்ணை ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தார். விசிறி, விளக்கு, குழாய், உட்காரும் வாங்கு, சுடலைக் கொட்டகை எல்லாவற்றிலும் யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள். தாயாருக்கு இடமில்லை.

அப்போதுதான் அவருக்கு வைஃபை நினைவுக்கு வந்தது. கனடாவில் இருக்கும் மகள் தர்சிகா, தன் தாய் பாலேஸ்வரியின் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டும் என்று அந்த இணைப்பைப் போட்டுக் கொடுத்திருந்தாள். மாதக் கட்டணமும் அவள்தான். ஊரில் ஒருவரும் இன்னும் வைஃபையை உபயம் செய்திருக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, ஆர் எவரெண்டு தெரியாத ஆக்களுக்கு ஏன் எங்கடை வீட்டு லைனைக் குடுப்பான்?" என்று பாலேஸ்வரி அக்கா கேட்டது மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அண்ணையின் மனைவி அவ்வளவு நீளமாகப் பேசுவதே அபூர்வம்.

"தண்ணீர்ப்பந்தலிலை பேர் கேட்டே மோர் வாக்கினம்? நீர் சும்மா இரும்."

முப்பத்தொரு வருடம் அடையாள அட்டை கேட்ட வாய் சொன்னது அது.

திவசத்தன்று மதிலில் பலகை ஏறியது. மஞ்சள் நிறத்தில் நீல எழுத்து. 'அமரர் திருமதி சின்னத்தங்கம் ஞாபகார்த்தமாக இலவச வைஃபை. உபயம்: மகன் சோமசேகரம்.' அதன் கீழே, வீதியால் போகும் லொறிச் சாரதிக்கும் தெரியும் அளவில் கடவுச்சொல். வேறென்ன, தாயாரின் பெயரும் காலமான ஆண்டும்தான். தாயாரின் படத்துக்கு மாலை, படத்துக்குக் கீழே ஒரு முக்காலியில் ரவுட்டர். ஐயர் மாவிலையால் தண்ணீர் தெளித்தபோது அண்ணை கையைக் குறுக்கே வைத்து ரவுட்டரைக் காத்ததை நான் கண்ணால் கண்டேன். பொங்கலும் வடையும் நன்றாக இருந்தன.

ரவுட்டர் அதன்பிறகு வீதிப் பக்கத்து யன்னலுக்கு இடம் மாறியது. தரிப்பிடத்துக்குச் சிக்னல் முழுதாகப் போகவேண்டுமே. அதனால் அக்கா சமைக்கும் குசினிக்குள் சிக்னல் செத்துவிட்டது. மகளோடு கதைப்பதற்குப் பாலேஸ்வரி அக்கா இனிப் படலையடிக்கு வரவேண்டும். தன் மகள் காசு கட்டும் இணைப்பில் தன் மகளைப் பார்க்க, வெயிலில், வீதியில் நிற்பவர்களோடு சேர்ந்து நின்றார்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும், பிறகு தேவைப்படும். அந்த வீடு பாலேஸ்வரி அக்காவின் சீதனவீடு. காணி உறுதி அவர் பெயரில், கரண்ட் பில் அவர் பெயரில். இணைப்புக் கொடுக்க வந்த கம்பனிக்காரர்கள் வீட்டு விலாசத்துக்குச் சாட்சியாகக் கரண்ட் பில்லைக் கேட்டார்கள், அதில் இருந்த பெயரையே விண்ணப்பத்தில் எழுதினார்கள். அக்கா கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் எங்களை மெச்சுவார்கள். வீட்டோடு என்னென்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

உபயம் அமோகமாக நடந்தது. ரவுட்டரில் எத்தனை பேர் தொற்றியிருக்கிறார்கள் என்று ஃபோனில் பார்க்கலாம் என்பதை அண்ணை கண்டுபிடித்துவிட்டார். தினமும் காலையில் மதிலுக்கு மேலால் எனக்கு அறிக்கை வரும். "நேற்று முப்பத்தெட்டு, டீச்சர்." வெள்ளிக்கிழமையென்றால் நாற்பதைத் தாண்டும். தரிப்பிடத்தில் இடம் போதாமல் நிற்பவர்களுக்கு வீட்டுக் கதிரைகளைக் கொண்டுபோய் மதில் நிழலில் போட்டார். சில பேர் பஸ் வந்தும் ஏறவில்லை. சண்முகநாதனின் தகப்பனார் கட்டிடத்தில் இருந்தார், ஆனால் சனம் சின்னத்தங்கத்திடம்தான் வந்தது. அண்ணையின் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

நானும்தான் பாவித்தேன். ஒளிப்பானேன்? என் சாப்பாட்டு மேசைக்கு மூன்று கோடு சிக்னல் வந்தது. ஒரு வருடம் நான் டேட்டாவுக்கு ஒரு சதம் செலவழிக்கவில்லை. மூன்று தொடர்நாடகங்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்தேன்.

நான் முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் பிரகலாதன் ஒருநாள் பலகையைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"ஐயா, உங்கடை லைனிலை ஆர் என்ன செய்தாலும், வெளியிலை பாக்கிறவைக்கு அது இந்த வீட்டிலை இருந்து செய்த மாதிரித்தான் தெரியும். குடுக்கிறதெண்டால் வேறையா ஒரு லைன் பிரிச்சு, ஆர் வந்தது போனது எண்டு ஒரு பதிவோடை குடுக்கவேணும். பாஸ்வேட்டை மதிலிலை எழுதுறது படலைப் பூட்டின்ரை திறப்பை மதிலிலை கொழுவிறது மாதிரி."

"தம்பி, சனத்திலை ஒரு நம்பிக்கை வைக்கவேணும்" என்றார் அண்ணை. பிரகலாதன் என்னைப் பார்த்தான். நான் என் ஃபோனைப் பார்த்தேன். நாடகத்தில் இன்னும் நாற்பது பாகம் மிச்சமிருந்தது.

அந்த மாசியில் தர்சிகா பிள்ளை வயிற்றில் என்று செய்தி சொன்னாள். கலியாணம் முடித்து எட்டு வருடம். எத்தனை வைத்தியம், எத்தனை நேர்த்தி. பாலேஸ்வரி அக்கா என் வீட்டு வாசலுக்கு ஓடி வந்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வந்து நிற்கவேண்டும் என்று மகள் கேட்டாள். விசாவும் கிடைத்தது. ஆனி மாதம் பத்தாம் திகதிக்கு ரிக்கற். விமானத்தை வானத்தில் மட்டும் பார்த்த மனுசி, சித்திரையிலேயே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்க மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்த சரக்குத்தூள் மட்டும் மூன்று கிலோ. "அங்கை உதெல்லாம் கடையிலை கிடக்காம், ஆனா என்ரை கையாலை வறுத்த மாதிரி வராது" என்றார். அந்த வாசனை ஒரு வாரம் எங்கள் இரண்டு வீட்டையும் விட்டுப் போகவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிறு காலை பொலிஸ் ஜீப் வந்து பலகைக்கு முன்னால் நின்றது. ஒரு அதிகாரி, மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கொன்ஸ்டபிள். நான் என் படலையடிக்கு வந்தேன்.

"பாலேஸ்வரி எண்டுறது ஆர்?"

தேங்காய் திருவிய கையோடு அக்கா வெளியே வந்தார். "நான்தான்."

அந்த வீட்டு இணைப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் பெயரில் போலியாக முகநூல் பக்கம் திறக்கப்பட்டிருக்கிறது என்று கொன்ஸ்டபிள் சொன்னார். பிறகு, "இந்த லைனை வீட்டிலை ஆர் ஆர் பாவிக்கிறது?" என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணை முன்னால் வந்தார். "எல்லாரும் பாவிக்கினம்."

"எல்லாரும் எண்டால்?"

"ஊர்ச்சனம், போற வாற சனம். ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குக் குறையாது. பலகையிலை போட்டிருக்கு, வடிவாப் பாருங்கோ." அந்த நேரத்திலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

அதிகாரி பலகையை நெடுநேரம் பார்த்தார். சின்னத்தங்கம் யார், அவரைக் கூப்பிடுங்கள் என்றார். அவர் செத்து இரண்டு வருடம் ஆகிறது என்று மொழிபெயர்க்கும்போது கொன்ஸ்டபிளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரிக்கு வரவில்லை. அவர் சிங்களத்தில் ஒன்று கேட்டார். கொன்ஸ்டபிள் அதைத் தமிழில் சொன்னார்.

"லைனைக் குடுக்கேக்கை ஒராளிட்டையாவது அடையாள அட்டை பாத்தனீங்களோ எண்டு ஐயா கேக்கிறார்."

சோமசேகரம் அண்ணை கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். என் மனதுக்குள் ஒரு கணம் சந்தோசம் வந்து போனது. அதற்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

ரவுட்டரையும் இருவரின் ஃபோன்களையும் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். "அரக்கு இன்னும் இளகவேணும், இல்லாட்டி முத்திரை விளங்காது" என்று அண்ணை பழக்கத்தில் சொல்லிவிட்டார். அவர்கள் திரும்பவும் உருக்கி வைத்தார்கள்.

அந்தப் பெண்பிள்ளை என்னிடம் படித்த தனுஷிகா. அடுத்த ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவளுடைய படங்களை எடுத்துப் போட்டு, வாயில் சொல்லக் கூசுகிற விடயங்களை அவளே எழுதியது போல எழுதியிருந்தார்கள். நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்பியிருந்தார்கள். சம்பந்தம் குழம்பியது. நான்கு மாதமாக அவள் வீட்டுக்கு வெளியே வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் பாலேஸ்வரி அக்காவின் பயணத்தைப் பற்றியும் அண்ணையின் மானத்தைப் பற்றியும்தான் கதைத்தார்கள். அந்தப் பிள்ளை என்ன பாடு பட்டிருக்கும் என்று கதைத்தவர்கள் குறைவு.

நீதிமன்றத்தில் முதலாவது சந்தேகநபர் பாலேஸ்வரி. இணைப்பு அவர் பெயரில். அண்ணை எழுந்து, "ஐயா, உபயம் நான்" என்று சொல்லிப் பார்த்தார். பலகையில் உபயகாரர் யார் என்பது சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. இரண்டு பேரின் சரீரப் பிணையில் அக்காவை விட்டார்கள். கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கவேண்டும், விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போகக்கூடாது. அடுத்த தவணை ஆடி மாதம்.

பிணைக்கு என்னையும் கேட்டார்கள். பென்சன்காரி, கையெழுத்து வைத்தால் ஏதும் சிக்கல் வருமோ என்று ஒரு சாட்டுச் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. அந்த ரவுட்டரில் தொற்றிய ஃபோன்களின் பட்டியல் ஒன்று எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வருடம் முழுதும் அதில் என் ஃபோன் இருக்கும். ஆகவே பிணைக்கு நிற்காமல் துணைக்குப் போனேன்.

நீதிமன்ற விறாந்தையில் தனுஷிகா தகப்பனோடு நின்றாள். மெலிந்து போயிருந்தாள். அக்காவைக் கண்டதும் கிட்ட வந்தாள். "அன்ரி, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்று கேட்டாள்.

அக்கா அவளுடைய கையைப் பிடித்தார். "பிள்ளை, எனக்கு மகள் எடுத்தால் பச்சையை அமத்தத் தெரியும், முடிஞ்சால் சிவப்பை அமத்தத் தெரியும். வேறை ஒண்டும் தெரியாது, அம்மா." தனுஷிகா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணை தூணோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் இருந்தார். நீர்வேலி தாண்டியதும் சொன்னார். "பேர் மாமிக்கு. புகழ் இவருக்கு. கேஸ் எனக்கு." சத்தம் போட்டுச் சொல்லவில்லை, முன் இருக்கையில் இருந்த அண்ணைக்குக் கேட்கும் அளவுக்குத்தான் சொன்னார்.

ஆனி பத்தாம் திகதி விமானம் அக்கா இல்லாமல் பறந்தது. அண்ணை பெயின்ரரைக் கூப்பிட்டுப் பலகையை அழிக்கச் சொன்னார். ஆனால் தாயாரின் பெயரை அழிக்க மனம் வரவில்லை. வைஃபையையும் கடவுச்சொல்லையும் தன் பெயரையும் மட்டும் பூசச் சொன்னார். 'அமரர் திருமதி சின்னத்தங்கம் ஞாபகார்த்தமாக' என்பது மட்டும் மிச்சம். அதை வாசித்துவிட்டு, எது ஞாபகார்த்தம் என்று சனம் மதிலை மேலும் கீழும் பார்க்கும்.

செய்தவனைப் பிறகு பிடித்தார்கள். தனுஷிகாவின் கடைக்கு மருந்து கொண்டுவரும் ஒரு கம்பனியின் விற்பனையாளன். கலியாணத்துக்குக் கேட்டு அவள் மறுத்திருக்கிறாள். தன் சொந்த ஃபோன் கணக்கில் செய்தால் அகப்படுவான் என்று தெரிந்தவன், செவ்வாயும் வியாழனும் எங்கள் தரிப்பிடத்தில் இறங்கிச் செய்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருக்கிறான். படத்தைக் காட்டியதும் அண்ணைக்கு ஆளைத் தெரிந்தது. "உங்கடை அம்மா புண்ணியவதி, ஐயா" என்று ஒருநாள் உள்ளே வந்து சொன்னவன் அவன். அவனுக்கு அண்ணை கதிரை போட்டு, தேத்தண்ணியும் கொடுத்திருந்தார். அக்காவை வழக்கிலிருந்து விடுவித்தார்கள், கடவுச்சீட்டும் கைக்கு வந்தது. அதெல்லாம் ஆவணியில். பிள்ளை ஆனிக்கு மேல் பொறுக்கவில்லை.

ஆனி இருபத்திரண்டாம் திகதி பின்னேரம் ஆறரை மணிக்கு அக்கா என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் மகள் முன்பு அனுப்பிய டேப். கண்ணாடி உடைந்து திருத்தக் கடையில் கிடந்ததால் பொலிஸின் கையில் அகப்படாமல் தப்பியது அது ஒன்றுதான். அதில் சிம் இல்லை, வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். அண்ணை கூடவே வந்தார், ஆனால் உள்ளே வராமல் படலையடியில் நின்றுகொண்டார். ஒரு காலத்தில் அவருடைய மதிலோரம் சனம் நின்ற மாதிரி நின்றார்.

"பிள்ளை பிறந்திட்டுதாம், டீச்சர். பொம்பிளைப் பிள்ளை. மருமோன், இவர் புதுசா வாங்கின பட்டன் ஃபோனுக்கு எடுத்துச் சொன்னவர்" என்றார் அக்கா. "ஒருக்கா முகத்தைப் பாக்கவேணும். உங்கடை வைஃபை..."

ஜீப் வந்து போன அடுத்த வாரமே எனக்கென்று ஓர் இணைப்பு எடுத்திருந்தேன். கடவுச்சொல் பதினாறு எழுத்து, ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒரு வருடம் அவர்கள் வீட்டு இணைப்பிலேயே உண்டு உறங்கியவள் நான். அந்த மனுசி கேட்டதும் என் வாயில் சட்டென்று "ஓம்" வரவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் வரவில்லை. அவர் அதைக் கண்டார்.

"தாங்கோ, நானே அடிச்சுத் தாறன்" என்று டேப்பை வாங்கினேன். வாங்கி, நன்றாகத் திரும்பி நின்று அடித்தேன். அக்கா கோபிக்கவில்லை. எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று, தானும் முகத்தை மறுபக்கம் திருப்பி, என் செவ்வரத்தை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தக் குழந்தை திரையில் வந்தது. சிவந்த, சுருங்கிய, கோபமான ஒரு சிறிய முகம். அக்கா திரையைத் தொட்டார், தொட்டதில் படம் கட்டாகிவிடுமோ என்று பயந்து கையை எடுத்தார். "அம்மா, நீங்கள் வந்து நிப்பியள் எண்டு கடைசி வரைக்கும் பாத்தனான்" என்றாள் தர்சிகா. "சரக்குத்தூளை ஆரும் வந்தால் குடுத்து விடுங்கோ." அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

படலையடியிலிருந்து அண்ணை மெல்லக் கேட்டார். "என்ன பேர் வைக்கப் போறியள், பிள்ளை?"

"அப்பா, இன்னும் யோசிக்கேல்லை" என்றாள் தர்சிகா. "அப்பம்மான்ரை பேர் மட்டும் இல்லை."

அண்ணை சரி என்றார். வீதியைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

போகும்போது அக்கா, "நாளைக்கும் ஒருக்கா வரலாமோ, டீச்சர்? குளிக்க வாக்கிறதைக் காட்டுறன் எண்டவள்" என்று கேட்டார். "இதென்ன கேள்வி, அக்கா, எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ" என்றேன். அவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போனார்கள். நான் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து, கடவுச்சொல்லை மாற்றினேன்.